கரையாத சாம்பல்

தகனம் முடிந்த சில மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும் கலயத்தை எங்கே, எப்போது, யார் கரைப்பது என்ற கேள்விக்கு முன்பெல்லாம் ஊர்வழக்கமே விடை சொல்லிவிடும். இப்போது அதைக் குடும்பங்களே தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு நகரங்களில் உள்ள எரிவாயு தகன மேடைகளின் பின்கட்டில் பெரும்பாலும் ஒரு சிறிய சாளரமோ கம்பிக் கதவோ இருக்கும். முன்வாசலில் பறையும் சங்கும் ஓய்ந்து, வந்தவர்களில் பலர் கால் கழுவிக்கொண்டு வண்டியேறிவிட்ட பிறகு, வேட்டியை மடித்துக் கட்டிய மூன்று நான்கு பேர் மட்டும் அதன் அருகே காத்து நிற்பார்கள். உள்ளே இரும்புத் தட்டு இழுபடும் ஓசை கேட்கும். நீண்ட கம்பியால் வாரிப் பரப்பிய வெண்சாம்பலின் மீது தண்ணீர் தெளிக்கப்படுகையில் சீறலோடு ஆவி எழும். பணியாளர் பதிவேட்டைப் பார்த்து ஒரு பெயரை உரக்க வாசிப்பார். வாயைச் சிவப்புத் துணியால் கட்டிய மண்கலயம், சூடு முழுவதும் ஆறாத நிலையிலேயே, உள்ளிருந்து நீளும் கைகளிலிருந்து வெளியே நிற்பவரின் கைகளுக்கு மாறும். எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கூட இருப்பவர்களில் ஒருவர் கேட்பார். விடை சொல்ல வேண்டியவர், சற்று முன்புதான் கொள்ளி வைத்தவர், பேசாமல் கலயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மௌனத்துக்குக் காரணம் துயரம் மட்டுமன்று. இரண்டு தலைமுறைகளுக்கு முன்புவரை பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் கேள்வி கேள்வியாகவே எழுந்ததில்லை. ஊர் எந்த ஆற்றங்கரையில் இருந்ததோ அந்த ஆறு, குலவழக்கம் எந்த நாளைச் சொன்னதோ அந்த நாள், தந்தைக்கு மூத்தவர், தாய்க்கு இளையவர் என்று கொள்ளிக்குரியவராக யார் குறிக்கப்பட்டிருந்தாரோ அவர் என எல்லாமே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டிருந்தமையால், துக்க வீட்டார் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய சுமை இல்லாமல் சொன்னதைச் செய்தார்கள். இன்று மூத்த மகன் டல்லாஸிலும் மகள் பெங்களூருவிலும் இருக்க, பெற்றோர் தாங்கள் பிறந்த ஊரை விட்டு வந்து நாற்பது ஆண்டுகளாகச் சென்னையின் ஏதோ ஓர் அடுக்ககத்தில் வாழ்ந்து முடிந்திருக்க, எந்த ஆறு அவர்களுடைய ஆறு என்பதே தெளிவாக இல்லை.

காணாமல் போன ஓர் இரவு

விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண் பூசி மூட்டிய சிதை இரவெல்லாம் எரிந்து, மறுநாள் காலையில்தான் நெருங்கக்கூடிய அளவுக்குத் தணியும். ஆகவே உறவினர் வீடு திரும்பி, ஓர் இரவைக் கழித்து, மறுநாளோ மூன்றாம் நாளோ மீண்டும் சுடுகாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த இரண்டாம் பயணத்துக்குப் பால் தெளிப்பு என்றும், காடாற்று என்றும், வடமொழி வழக்கில் சஞ்சயனம் (எலும்புகளைச் சேகரித்தல்) என்றும் பெயர்கள் வழங்குகின்றன. தண்ணீரும் பாலும் இளநீரும் தெளித்துக் கனலை அவித்து, வேகாமல் எஞ்சிய எலும்புத் துண்டுகளைப் பொறுக்கிக் கலயத்தில் இடுவதும், மிஞ்சிய சாம்பலை மனித உருவாகக் குவித்து அதன் மேல் நவதானியம் தூவி, இறந்தவருக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைப்பதும் பல சமூகங்களில் காணப்படும் வழக்கம்.

எலும்புகளைக் கால் பகுதியில் தொடங்கித் தலையில் முடியுமாறு எடுக்க வேண்டும் என்று ஆசுவலாயன கிருகிய சூத்திரம் விதிக்கிறது. ஜப்பானிலும், உறவினர் இருவர் இருவராக நின்று நீண்ட குச்சிகளால் எலும்புகளை எடுத்துக் கலசத்தில் இடும்போது காலில் தொடங்கித் தலையில் முடிப்பதே முறையாக இருக்கிறது. கலசத்துக்குள் இறந்தவர் தலைகீழாக இருந்துவிடக் கூடாது என்பது அங்கே சொல்லப்படும் காரணம்.

காடாற்று என்ற சொல்லில் உள்ள ‘ஆற்று’ என்பதற்குச் சூட்டைத் தணித்தல் என்பதோடு துயரத்தைத் தணித்தல் என்ற பொருளும் உண்டு. எரிவாயு உலையும் மின் உலையும் அந்த இடைவெளியைத்தான் எடுத்துக்கொண்டன. விறகுச் செலவு குறைந்தது, புகை குறைந்தது, ஒரு மேடையில் ஒரே நாளில் பலரைத் தகனம் செய்ய முடிந்தது என்ற நன்மைகள் மறுக்க முடியாதவை; ஆனால் காலையில் உயிரோடு இருந்தவரின் எலும்பை மாலையில் கையில் வாங்கும் நிலைக்கு மனத்தைப் பழக்கும் வழக்கம் எதுவும் இன்னும் உருவாகவில்லை. தகனம் முடிந்த அன்றே கடற்கரைக்குச் சென்று கரைத்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்கள் பெருகியிருப்பதற்கு வசதி ஒரு காரணம். கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற பழைய விலக்கு இன்னொரு காரணம். கிராமத்தில் அதை வெளியே மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுக்ககத்தின் ஐந்தாம் தளத்தில் குடியிருப்பவருக்கு அந்த மரம் இல்லை.

■ கலயத்தில் இருப்பது என்ன?

‘அஸ்தி’ என்ற வடசொல்லுக்கு எலும்பு என்பதே நேர்ப்பொருள். தமிழ்ப் பேச்சில் அது சாம்பலைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. வேதியியலின்படி பழைய பொருளே சரியானது. ஏறத்தாழ 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உடலின் நீரும் தசையும் கொழுப்பும் ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேறிவிட, எஞ்சுவது பெரும்பாலும் எலும்பின் கனிமப் பகுதியாகிய கால்சியம் பாஸ்பேட். வளர்ந்த ஒருவருக்கு இது பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். ‘ஒரு பிடி சாம்பல்’ என்பது கவிதைக் கணக்கு. மேலை நாடுகளில் எலும்புத் துண்டுகளை இயந்திரத்தில் அரைத்துச் சீரான பொடியாகத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் துண்டுகளும் பொடியும் கலந்தே தரப்படுகின்றன. கால்சியம் பாஸ்பேட் தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை. அஸ்தியைக் ‘கரைப்பதாக’ நாம் சொல்கிறோம். ஆற்றில் இட்டது அடியில் படிகிறது, அல்லது வெள்ளத்தோடு நகர்கிறது.

நீர் இல்லாத ஆறுகள்

தமிழ்நாட்டில் அஸ்தி கரைப்பதற்குப் பெயர்பெற்ற இடங்களைச் சொல்லச் சொன்னால் எவரும் சட்டென்று ஏழெட்டுப் பெயர்களைச் சொல்லிவிடுவார்கள்: ராமேசுவரத்தின் அக்னி தீர்த்தக் கடற்கரை, கன்னியாகுமரி, காவிரியும் பவானியும் கூடும் பவானி கூடுதுறை, திருவரங்கத்தின் அம்மா மண்டபம், திருவையாறு, காவிரி கடல் சேரும் பூம்புகார், தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசம். இவற்றில் கடற்கரைகள் தவிர மற்றவை ஓடும் நீரை நம்பியவை. நகர்த்திக்கொண்டு போய்விடும் என்பதுதான் ஆற்றுக்கு அளிக்கப்பட்ட தகுதி.

அந்தத் தகுதி ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவதால், அதன் பிறகான கோடை மாதங்களில் கீழ்க்காவிரியின் படித்துறைகள் பலவற்றில் மணல்தான் இருக்கும். அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் ஜூன் மாதத் திறப்பும் தள்ளிப்போகும். மரணம் அணையின் நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை. மார்ச் மாதத்தில் கலயத்தோடு படித்துறைக்கு வருபவர், மணலில் தோண்டிய ஊற்றிலோ, குட்டையாகத் தேங்கிய நீரிலோ, குழாய்த் தண்ணீரிலோ காரியத்தை முடித்துக்கொள்கிறார். சில நாள்களில் அதே குட்டையில் முந்தைய நாள் கரைத்தவர்களின் எலும்புத் துண்டுகள் படிக்கட்டின் அடியில் வெண்மையாகத் தெரியும். அதைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் சற்று நேரத்தில் அதே இடத்தில்தான் தங்கள் கலயத்தைக் கவிழ்க்கிறார்கள்.

ஆற்றைக் கெடுப்பது சாம்பலா என்ற வினாவுக்கு நேரான விடை உண்டு: பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள, அழுகாத, நோய்க்கிருமி எதுவும் பிழைத்திருக்க வழியில்லாத கனிமப் பொடி, ஓடும் ஆற்றுக்கு அற்பமான சுமை. கெடுதல் அதோடு வருபவற்றிலிருந்து வருகிறது. நெகிழிப் பையோடு எறியப்படும் பூமாலை, சரிகைக் காகிதம், கற்பூர டப்பா, உடைந்த கலயம், இறந்தவர் பயன்படுத்திய பாயும் தலையணையும், குளித்து முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் ஆற்றோடு விட வேண்டும் என்று சொல்லப்படும் ஈரத்துணி ஆகியவை அப்படி வருபவை. பாபநாசத்தில் தாமிரபரணியின் படித்துறைகளில் இத்தகைய துணிகள் பாறைகளிலும் வேர்களிலும் சுற்றிக்கொண்டு, குளிக்க இறங்குபவர்களின் கால்களையும் மீன்களையும் ஒருங்கே சிக்கவைப்பதும், அவற்றை அள்ளும் வேலை ஓய்வின்றித் தொடர்வதும் நெல்லை மக்கள் நன்கறிந்த செய்தி. துணியை விடுவது ஒரு சடங்கின் பகுதியாக எப்போது ஆனது என்று ஆராய்வதை விட, பருத்தித் துணி மட்கிய காலத்தில் தோன்றிய வழக்கத்தைப் பாலியெஸ்டர் காலத்தில் அப்படியே தொடர்வது சரியா என்று கேட்பது பயனுள்ளது. சடங்கு வகுத்தவர்களுக்குப் பாலியெஸ்டர் தெரியாது.

ஆற்றுக்கு மாற்றாக மரக்கன்று நடுவதைப் பலர் விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். கருத்து அழகானது; செய்முறையில் ஒரு சிக்கல் உண்டு. தகனச் சாம்பல் கடுமையான காரத்தன்மையும் உப்பும் கொண்டது. குழியில் மொத்தமாகக் கொட்டி அதன் மேல் கன்றை வைத்தால் வேர் கருகிவிடும் வாய்ப்பே அதிகம். சிறிதளவு சாம்பலை நிறைய மண்ணோடும் மட்கிய எருவோடும் கலந்து, சில வாரங்கள் நீர்விட்டு ஊறவிட்ட பிறகு நடுவதே பாதுகாப்பு. அப்பாவின் நினைவாக நட்ட வேம்பு பட்டுப்போவதைக் காணும் துன்பம், முதல் துன்பத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டியதில்லை.

கலயத்துக்குள் அடங்காதவை

பேசப்படாத இன்னொரு செய்தியும் இருக்கிறது. வழக்கமான மண்கலயத்தில் மொத்தச் சாம்பலும் பிடிப்பதில்லை. பல தகன மேடைகளில் சில எலும்புத் துண்டுகளும் கொஞ்சம் பொடியும் மட்டுமே குடும்பத்தினரிடம் தரப்படுகின்றன. மீதியை மேடையின் பணியாளர்களே வளாகத்தில் ஓரிடத்தில் சேர்த்து, பின்னர் அகற்றுகிறார்கள். ஆகவே ‘அம்மாவை ராமேசுவரத்தில் கரைத்துவிட்டோம்’ என்று நிம்மதியடையும் குடும்பத்துக்குத் தெரியாமலேயே, அம்மாவின் பெரும்பகுதி ஊரிலேயே தங்கிவிடுகிறது. இதை அதிர்ச்சியாகக் கொள்ளத் தேவையில்லை. விறகுச் சிதையின் காலத்திலும் நிலைமை இதுவே. முழுவதும் வேண்டும் என்று விரும்புபவர்கள் தகனத்துக்கு முன்பே பெரிய கொள்கலத்தைக் கொடுத்துச் சொல்லிவைக்க வேண்டும் என்பது மட்டுமே இதிலிருந்து எழும் நடைமுறைச் செய்தி. சொல்லிவைக்கப்படும் அந்தப் பணியாளர்கள் யார், இந்த வேலை ஏன் தலைமுறை தலைமுறையாக ஒரு சில சமூகங்களின் தோளில் மட்டும் ஏற்றப்பட்டது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். அவர்கள் கையால் வாரிக் கொடுக்காமல் எந்தப் புண்ணிய தீர்த்தப் பயணமும் தொடங்குவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சாம்பலைப் பகிர்வது ஆன்மாவைத் துண்டாடுவது போன்றது என்று சில குடும்பங்களில் தயக்கம் எழுகிறது. மரபு இந்தத் தயக்கத்தை ஆதரிக்கவில்லை. புத்தரின் உடல் எரியூட்டப்பட்ட பிறகு அதன் எச்சங்களுக்காக அரசர்கள் போரிடும் நிலை வந்தபோது, துரோணர் என்ற அந்தணர் அவற்றை எட்டுப் பங்காக்கிக் கொடுத்துச் சண்டையைத் தவிர்த்தார் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. அளந்த கலத்தை அவரே வைத்துக்கொண்டதாகவும், தாமதமாக வந்தவர்களுக்குக் கரி மட்டுமே கிடைத்ததாகவும் அக்கதை தொடர்கிறது. 1948-இல் காந்தியின் அஸ்தி நாடெங்கும் பகிர்ந்தளிக்கப்பட்டு, பிப்ரவரி 12 அன்று அலகாபாத் சங்கமத்திலும் கன்னியாகுமரி உட்படப் பல நீர்நிலைகளிலும் கரைக்கப்பட்டது. கன்னியாகுமரியில் கலசம் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருந்த இடத்தில் 1956-இல் எழுந்த மண்டபத்தில், ஆண்டுதோறும் அக்டோபர் 2 நண்பகலில் கதிரவன் ஒளி அந்த இடத்தின் மீது விழும்படி கூரையில் துளை அமைத்திருக்கிறார்கள்.

தமிழ் மரபும் ஒற்றை வழியை வற்புறுத்தவில்லை. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, புகார் நகரத்துச் சுடுகாட்டில் எரிப்பவர், வெறுமனே இட்டுச் செல்பவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்வான இடங்களில் அடைத்து வைப்பவர், தாழியால் கவிப்பவர் என ஐவகையினரை ஒரே மூச்சில் குறிப்பிடுகிறது. சோழர் காலத்தில் அரச குடும்பத்தினரின் எச்சத்தின் மீது எழுப்பப்பட்ட சிவாலயங்கள் பள்ளிப்படை எனப்பட்டன. காளத்திக்கு அருகே முதலாம் ஆதித்தனுக்கு எழுப்பப்பட்டதும், பட்டீசுவரத்தில் முதலாம் இராசேந்திரன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுப்பித்ததும் இன்றும் நிற்கின்றன. இன்ன இடத்தில் இன்ன நாளில் கரைக்காவிட்டால் இறந்தவர் அலைவார் என்று அச்சுறுத்தும் குரல்களுக்கு இந்த வரலாறே போதிய மறுமொழி.

யார் கையில் கலயம்?

தகன மேடைகளில் பொதுவாகப் படிவத்தில் கையெழுத்திட்டவரிடமே அஸ்தி ஒப்படைக்கப்படுகிறது. அவர் மகனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், அவசரத்தில் முன்வந்த அண்டை வீட்டாராகவும் இருக்கலாம். சொத்துக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்கும் உலகம் சாம்பலுக்கு அதைக் கேட்பதில்லை. அதனால்தான் இரண்டாம் திருமணம், விலகி வாழ்ந்த கணவன் மனைவி, சாதி கடந்து மணந்ததால் ஒதுக்கப்பட்ட மகள் என்று குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த வெடிப்புகளெல்லாம் இந்த ஒரு பொருளின் மீது வந்து கூடுகின்றன. சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்ற தடை நகரங்களில் தளர்ந்துவருவதால், கலயத்தை ஏந்தும் கை மகளுடையதாக இருப்பது முன்புபோல் அரிதன்று. ஆயினும், கடைசி ஆண்டுகளில் உடனிருந்து பார்த்துக்கொண்ட மகளை விட்டுவிட்டு, விமானத்தில் வந்திறங்கிய மகனை நோக்கியே புரோகிதர் பேசுவதை எந்தப் படித்துறையிலும் பார்க்கலாம்.

சண்டையைத் தவிர்க்கும் வழி, இறப்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான். ஜவாகர்லால் நேரு 1954 ஜூன் 21 அன்று எழுதிய உயிலில், தம் சாம்பலில் ஒரு கைப்பிடியை அலகாபாத்தில் கங்கையில் இட வேண்டும் என்றும், பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்களின் மீது தூவ வேண்டும் என்றும் எழுதி, கங்கையைக் கேட்பது சமயக் காரணத்தால் அன்று என்பதையும் விளக்கியிருந்தார். 1964-இல் அவர் மறைந்தபின் தூவும் விருப்பம் நிறைவேற்றப்பட்டது. சமயச் சடங்கு வேண்டாம் என்ற பகுதி மட்டும் அப்படியே பின்பற்றப்படவில்லை. நாட்டின் பிரதமராக இருந்தவர் இத்தனை தெளிவாக எழுதிவைத்தும் பாதிதான் நடந்தது. உயிலைப் பொதுவாகக் காரியங்கள் முடிந்த பிறகே பிரித்துப் படிக்கும் வழக்கம் இருப்பதால், இந்த ஒரு விருப்பத்தை உயிலில் மட்டும் எழுதுவது போதாது. வீட்டில் இரண்டு பேருக்காவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

■ விமானத்தில் கொண்டுவருவோருக்கு

வெளிநாட்டில் தகனம் செய்து அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவருபவர் இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், இறந்தவரின் ரத்து செய்யப்பட்ட கடவுச்சீட்டு, இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று ஆகியவற்றை உடன் வைத்திருக்க வேண்டும். கலசம் இறுக மூடி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். உலோகக் கலசத்தின் உட்புறம் ஊடுகதிர்ச் சோதனையில் தெரியாமல் போகும் என்பதால், பாதுகாப்புப் பணியாளர்கள் அதை அனுமதிக்க மறுக்கக்கூடும். மரம் அல்லது தடித்த அட்டையால் ஆன கொள்கலம் தொல்லையற்றது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவுக்குள் நேரில் போக இயலாதவர்களுக்காக, இந்திய அஞ்சல் துறை 2021-இல் ஓம் திவ்ய தர்ஷன் என்ற அமைப்போடு சேர்ந்து, விரைவு அஞ்சலில் அனுப்பப்படும் அஸ்தியைக் காசி, பிரயாக்ராஜ், ஹரித்வார், கயா ஆகிய இடங்களில் கரைக்க ஏற்பாடு செய்தது.

கடல் கடந்த படித்துறைகள்

யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்குக் கீரிமலை என்பது ஒரு முகவரி போல. கடலோரத்தில் நன்னீர் ஊற்றும் அருகே நகுலேசுவரமும் அமைந்த அந்த இடத்தில் பெற்றோரின் அஸ்தியைக் கரைப்பதும், ஆடி அமாவாசையன்று தந்தைக்காக நீராடுவதும் அவர்களது வாழ்வின் பகுதி. 1990-க்குப் பிறகு, கீரிமலை அமைந்த வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமானபோது, மக்கள் வீடுகளை இழந்ததோடு, நீத்தாருக்குக் கடன் கழிக்கும் துறையையும் பல ஆண்டுகளுக்கு இழந்தார்கள். அப்படி வெளியேறி டொராண்டோவில் வேரூன்றிய முதல் தலைமுறை இப்போது மறைந்துவருகிறது. கலசத்தைக் கீரிமலைக்குக் கொண்டுபோவதா, பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கக்கூடிய ஒன்டாரியோ ஏரிப் பக்கமே கரைப்பதா என்பது அவ்வீடுகளில் வெறும் சடங்குக் கேள்வியாக இருப்பதில்லை. திரும்பிப் போவோம் என்று பல்லாண்டு சொல்லிவந்ததன் பொருள் என்ன என்று அது கேட்கிறது. இரண்டாகப் பிரித்து இரு கரைக்கும் கொடுப்பவர்களும் உண்டு. அதுவே நேர்மையான விடையாகவும் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரை ஒட்டி ஓடும் சோர் ஆற்றில், இந்துக்களும் சீக்கியர்களும் படகில் சென்று அஸ்தி கரைக்க ஏற்பாடு உண்டு. நிலம் அரிதான சிங்கப்பூரில் புதைத்தவர்களுக்கே பதினைந்து ஆண்டுகள்தாம் இடம். அங்கே சுவா சூ காங்கில் 2021 மே மாதம் திறக்கப்பட்ட அமைதிப் பூங்கா, தரையில் சாம்பல் தூவுவதற்கென அந்நாடு அமைத்த முதல் இடம். எந்தச் சமயத்தவரும் பயன்படுத்தலாம், ஆனால் எந்தச் சமயச் சடங்கும் அங்கே கூடாது என்ற விதியை, காவிரிக் கரையில் மணிக்கணக்கில் மந்திரம் கேட்டுப் பழகியவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

■ நாடுகளும் விதிகளும்

அமெரிக்காவில் கடலில் சாம்பலை இடுபவர்கள் கரையிலிருந்து குறைந்தது 3 கடல்மைல் (சுமார் 5.5 கிலோமீட்டர்) தள்ளிச் செல்ல வேண்டும், 30 நாள்களுக்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும், நெகிழிப் பூக்களை இடக் கூடாது. சிங்கப்பூரில் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டரில் உள்ள கடற்பகுதி இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆளில்லாத அரசு நிலத்திலும் அரசுக்குரிய நீர்நிலைகளிலும் தூவலாம். ஜெர்மனியில் சாம்பலைக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. பிரேமன் மாநிலம் 2015-இல் அதைத் தளர்த்தியது.

வேண்டாத சாம்பல்

தகனம் எல்லாருக்கும் உரிய முறையன்று. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல்தான் அதற்கு இசைவு தந்தது. 2016 அக்டோபரில் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டல், சாம்பலைத் தூவுவதையும் உறவினரிடையே பங்கிடுவதையும் விலக்கி, புனித இடத்தில் வைக்கச் சொன்னது. 2023 டிசம்பரில், சிறு பகுதியை மட்டும் இறந்தவரின் வாழ்வில் முக்கியமான ஓரிடத்தில் வைத்துக்கொள்ளத் திருச்சபை அலுவலர் சில நிபந்தனைகளோடு இசையலாம் என்று அது சற்றே நெகிழ்ந்தது.

இஸ்லாத்தில் உடலை எரிப்பது விலக்கப்பட்டது. இலங்கை அரசு 2020 ஏப்ரலில், கோவிட் தொற்றால் இறந்தவர் எவராயினும் எரிக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே ஏற்கத்தக்கவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2021 பிப்ரவரி இறுதி வரை அந்த ஆணை நீடித்தது. பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் இசைவின்றி எரிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில், கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 270-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இவ்வாறு எரிக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோரியது. எரிக்கக் கூடாத உடலின் சாம்பலை என்ன செய்வது என்பதற்கு அவர்களது மரபில் விடை கிடையாது, ஏனெனில் அப்படி ஒரு பொருளே இருந்திருக்கக் கூடாது.

அதே கொள்ளைநோய் தகனத்தை ஏற்கும் சமூகங்களிலும் வேறு வகையான சாம்பலை விட்டுச்சென்றது. 2021-இன் இரண்டாம் அலையில், வீடு முழுவதும் மருத்துவமனையில் கிடந்ததாலோ, அச்சத்தாலோ, ஊரடங்காலோ, இந்தியாவின் பல நகர மயானங்களில் கேட்பாரற்ற கலயங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அவ்வாண்டு ஜூன் 2 அன்று, பெங்களூருவில் தேங்கிய நூற்றுக்கணக்கானோரின் அஸ்தியை, கர்நாடக வருவாய்த்துறை அமைச்சராக இருந்த ஆர். அசோகா மாண்டியா மாவட்டம் பெலகவாடியில் காவிரியில் சடங்குகளோடு கரைத்தார். பெருந்தொற்று இல்லாத நாள்களிலும், பெயர் எழுதி ஒட்டிய சில கலயங்கள் மேடைகளின் அலமாரிகளில் காத்திருக்கின்றன. அவற்றை உடனே அகற்றிவிடப் பணியாளர்கள் தயங்குவதற்குக் காரணம், மாதங்கள் கழிந்தபின் தயங்கித் தயங்கி வந்து கேட்பவர்கள் உண்டு என்பதை அவர்கள் கண்டிருப்பதுதான்.

காத்திருக்கக்கூடியது

உடல் காத்திருக்காது, சாம்பல் காத்திருக்கும். அது கெடுவதில்லை, நாறுவதில்லை, ஆண்டுகள் போனாலும் மாறுவதில்லை. சடங்கு நாளைப் பின்பற்ற விரும்புபவர்கள் ஒரு சிறு பகுதியைப் பத்தாம் நாளுக்குள்ளோ பதினாறாம் நாளுக்குள்ளோ அருகிலுள்ள நீர்நிலையில் கரைத்துவிட்டு, மீதியை உலர்ந்த, மூடிய கலத்தில் பத்திரப்படுத்தி, வெளிநாட்டில் இருப்பவர் வந்த பிறகோ, ஆற்றில் நீர் வந்த பிறகோ, உடன்பிறந்தோர் ஒருமனப்பட்ட பிறகோ முடிவெடுக்கலாம். மேடையின் சாளரத்தருகே அரை நாழிகையில் எடுக்கப்படும் முடிவுகளில் பல, அந்த நேரத்தில் யார் உரக்கப் பேசினாரோ அவருடைய முடிவுகளே.

காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி ஒடிசாவின் கட்டாக்கில் வங்கிப் பெட்டகம் ஒன்றில் பல்லாண்டு இருந்து, 1997 ஜனவரி 30 அன்றுதான் அலகாபாத்தில் கரைக்கப்பட்டது. அது மறதியால் நேர்ந்த காத்திருப்பு. திட்டமிட்டே காத்திருந்தவர் ஒருவரும் உண்டு. லண்டனில் இந்தியா ஹவுஸை நிறுவி, வ.வே.சு. ஐயர் போன்ற இளைஞர்களுக்குப் புகலிடம் கிடைக்கச் செய்த சியாம்ஜி கிருஷ்ண வர்மா, நாடு திரும்ப முடியாமல் 1930 மார்ச்சில் ஜெனீவாவில் இறந்தார். தம்முடைய அஸ்தியையும் மனைவியின் அஸ்தியையும் விடுதலை பெற்ற இந்தியாவிலிருந்து எவரேனும் வந்து கேட்கும்வரை நூறு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று அந்நகர நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்து, அதற்கான பணத்தையும் முன்பே கட்டியிருந்தார். நாடு விடுதலை பெற்று ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்து, 2003 ஆகஸ்டில், அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோதி சென்று இரு கலசங்களையும் பெற்றுவந்தபோது, ஒப்பந்தத்தில் இன்னும் இருபத்தேழு ஆண்டுகள் மீதமிருந்தன.